நோட்டு சொல்லும் கதை



நாம் தினமும் கையில் எடுப்பது ரூபாய் நோட்டு. கடையில் கொடுக்கிறோம். கூலியாக வாங்குகிறோம். சுருட்டி இடுப்பில் செருகுகிறோம். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளாவது படித்துப் பார்த்தோமா?

எழுத்துத் தெரியாத நாளில் நிறத்தைப் பார்த்தோம். அளவைப் பார்த்தோம். அதைக் கொண்டு இது பத்து, இது நூறு என்று தெரிந்துகொண்டோம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். அதனால் நோட்டும் நமக்கு ஒரு பாடப் புத்தகம்தான்.

நாட்டில் பலர் ரூபாய் நோட்டுகளைச் சேகரிக்கிறார்கள். சிலர் தபால்தலை சேர்ப்பது போல, சிலர் பழைய நாணயம் சேர்ப்பது போல, இதுவும் ஒரு நல்ல பொழுதுபோக்கு. இதனால் வரலாறு தெரியும். நாட்டைத் தெரியும். எண்ணும் எழுத்தும் பழகும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஒரு நோட்டைப் படிப்போம்

கையில் ஒரு புதிய 10 ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். 2018-ஆம் ஆண்டு முதல் வருகிற நோட்டு இது.

முன்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் காந்தியடிகளின் படம். ஓரத்தில் அசோகர் தூணின் சிங்கங்கள். மேலே ரிசர்வ் வங்கியின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இந்த நோட்டைக் கொண்டு வருபவருக்குப் பத்து ரூபாய் தருவதாக ஓர் உறுதிமொழி இருக்கும். அதன் கீழே ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கும். இந்த உறுதிமொழிதான் வெறும் தாளைப் பணமாக்குகிறது.

இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதலில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 3 குறிகள். அடுத்து 6 இலக்க எண். அந்த 6 இலக்கங்களும் இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாகப் பெரிதாகிக்கொண்டே போகும். இது போலி நோட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு.

இப்போது பின்பக்கம் திருப்புங்கள். ஒரு கோவில் தெரிகிறது அல்லவா? அது ஒடிசா மாநிலத்தில் உள்ள கோனார்க் சூரியக் கோவில். பக்கத்தில் சிறிய எழுத்தில் பல மொழிகள் வரிசையாக இருக்கும். எண்ணிப் பாருங்கள். மொத்தம் 15 மொழிகள்.

அசாமி, வங்காளி, குஜராத்தி, கன்னடம், காஷ்மீரி, கொங்கணி, மலையாளம், மராத்தி, நேபாளி, ஒடியா, பஞ்சாபி, சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, உருது. இதுதான் வரிசை. மொழிகளின் பெயரை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். மேலிருந்து எண்ணினால் 13-ஆவது வரி தமிழ். "பத்து ரூபாய்" என்று நம் மொழியில் படிக்கலாம். இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் ஒரே நோட்டில் 17 மொழிகள்!

பின்பக்கத்தின் ஓரத்தில் ஓர் ஆண்டு எண்ணும் இருக்கும். அந்த நோட்டு அச்சான ஆண்டு அது. 2005-க்குப் பிறகு வந்த நோட்டுகளில்தான் இந்த ஆண்டு இருக்கும். அதற்கு முந்தைய நோட்டுகளில் இருக்காது.

2. நோட்டை யார் வெளியிடுகிறார்கள்?

இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கியது. அதன் முதல் நோட்டு 1938-இல் வந்தது. அது 5 ரூபாய் நோட்டு. அதில் இருந்தது ஆங்கிலேய மன்னர் ஆறாம் ஜார்ஜின் படம். அப்போது நாடு அடிமைப்பட்டிருந்தது.

1 ரூபாய் நோட்டு மட்டும் தனி. அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அல்ல, இந்திய அரசு. அதனால் அதில் ஆளுநரின் கையெழுத்து இருக்காது. நிதித் துறைச் செயலாளரின் கையெழுத்து இருக்கும். கிடைத்தால் பார்த்துச் சோதியுங்கள்.

நோட்டு அச்சாகும் இடங்கள் நான்கு. மகாராஷ்டிரத்தில் நாசிக். மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ். கர்நாடகத்தில் மைசூரு. மேற்கு வங்காளத்தில் சால்போனி. நோட்டின் தாள் சாதாரணக் காகிதம் அல்ல. அது பருத்தியில் செய்தது. அதனால்தான் பல கை மாறியும் சீக்கிரம் கிழிவதில்லை.

3. மன்னர் போனார், சிங்கம் வந்தது

1947-இல் நாடு விடுதலை பெற்றது. ஆனாலும் மன்னர் படம் போட்ட நோட்டு சில காலம் புழங்கியது. பாகிஸ்தான் தனி நாடானது. அந்த நாட்டுக்கு உடனே சொந்த நோட்டு அச்சிட வசதி இல்லை. அதனால் இந்திய நோட்டின் மேலேயே "பாகிஸ்தான் அரசு" என்று அச்சிட்டு 1948-இல் அங்கே கொடுத்தார்கள். இரண்டாகப் பிரிந்த நாட்டின் கதையை அந்த ஒரு நோட்டு சொல்கிறது. சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாக மதிக்கிறார்கள்.

1949-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நோட்டு வந்தது. அது 1 ரூபாய் நோட்டு. மன்னர் படம் இருந்த இடத்தில் அசோகர் தூணின் சிங்கங்கள் வந்தன.

1954-இல் வந்த 1000 ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோவில் இருந்தது. 5000 ரூபாய் நோட்டில் மும்பை நகரின் "இந்தியாவின் நுழைவாயில்" இருந்தது. 10,000 ரூபாய் நோட்டும் இருந்தது. சாதாரண மக்கள் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1978 ஜனவரியில் அரசு இந்த 3 நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தது.

1969-இல் காந்தியடிகள் பிறந்து 100 ஆண்டுகள் நிறைந்தன. அதற்காகச் சிறப்பு நோட்டுகள் வந்தன. சேவாகிராம ஆசிரமத்தின் முன்னே காந்தியடிகள் உட்கார்ந்திருப்பது போன்ற படம் அதில் இருந்தது. நோட்டில் காந்தியடிகள் வந்தது அதுதான் முதல் முறை. பிறகு 1987-இல் வந்த 500 ரூபாய் நோட்டில் அவர் படம் வந்தது. 1996 முதல் "மகாத்மா காந்தி வரிசை" நோட்டுகள் வரத் தொடங்கின. 2016-இல் "மகாத்மா காந்தி புதிய வரிசை" தொடங்கியது. இன்று நம் கையில் அதிகம் புழங்குவது இந்தப் புதிய வரிசை நோட்டுகள்தான்.

2010-இல் நம் ரூபாய்க்கு ஒரு சின்னம் கிடைத்தது. இந்தியின் 'ர' எழுத்தும் ஆங்கிலத்தின் 'ஆர்' எழுத்தும் கலந்த உருவம் அது. அதை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அதற்குப் பின் அச்சான நோட்டுகளில் அந்தச் சின்னம் இருக்கிறது. சின்னம் உள்ள நோட்டு ஒன்று, இல்லாத நோட்டு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு விளங்கும்.

4. உட்கார்ந்த இடத்தில் ஊர் சுற்றுவோம்

எல்லோராலும் நாடு முழுக்கப் பயணம் போக முடியுமா? முடியாது. ஆனால் 6 நோட்டுகளை வரிசையாக வைத்தால் இந்தியாவைச் சுற்றி வந்தது போல் இருக்கும். புதிய வரிசை நோட்டுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

10 ரூபாய்: கோனார்க் சூரியக் கோவில், ஒடிசா.
20 ரூபாய்: எல்லோராக் குகைகள், மகாராஷ்டிரம்.
50 ரூபாய்: ஹம்பியின் கல் தேர், கர்நாடகம்.
100 ரூபாய்: ராணியின் படிக்கிணறு, குஜராத்.
200 ரூபாய்: சாஞ்சி ஸ்தூபி, மத்தியப் பிரதேசம்.
500 ரூபாய்: செங்கோட்டை, தில்லி.

100 ரூபாய் நோட்டில் இருப்பது கிணறு என்று பலருக்குத் தெரியாது. குஜராத்தின் பாட்டன் என்ற ஊரில் அது இருக்கிறது. ஓர் அரசி கட்டிய கிணறு அது. தண்ணீருக்காக வெட்டிய கிணறு இன்று நாட்டின் நோட்டில் ஏறியிருக்கிறது.

பழைய நோட்டுகளில் வேறு படங்கள் இருந்தன. 5 ரூபாய் நோட்டில் உழவர் டிராக்டர் ஓட்டினார். 2 ரூபாய் நோட்டில் ஆரியபட்டா செயற்கைக்கோள் பறந்தது. 1975-இல் வானில் ஏவிய இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் அது. 1 ரூபாய் நோட்டில் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை இருந்தது. ஒரு 10 ரூபாய் நோட்டில் மயில்கள் இருந்தன. 1996 வரிசையில் வந்த 10 ரூபாய் நோட்டில் காண்டாமிருகம், யானை, புலி மூன்றும் இருந்தன. நாடு எந்தக் காலத்தில் எதைப் பெருமையாக நினைத்தது என்பதை நோட்டே சொல்லிவிடும்.

கண் தெரியாதவர்களும் நோட்டை அறிய வழி உண்டு. 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் இரு ஓரங்களிலும் சற்று மேடான கோடுகள் இருக்கும். 100 ரூபாயில் 4 கோடுகள். 200 ரூபாயில் 4 கோடுகளும் நடுவே 2 வட்டங்களும். 500 ரூபாயில் 5 கோடுகள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள்.

5. எதைச் சேர்க்கலாம்?

சேகரிப்பு என்றால் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன 6 நோட்டுகளின் மொத்த மதிப்பு 880 ரூபாய். அதுகூட ஒரே நாளில் வேண்டியதில்லை. 10 ரூபாயும் 20 ரூபாயும் போதும். 30 ரூபாயில் தொடங்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கும், பிள்ளைகள் படிப்புக்கும், மருந்துக்கும் உரிய பணத்தைச் சேகரிப்பில் முடக்கக் கூடாது. பெட்டியில் இருக்கும் நோட்டுக்கு வட்டி வராது. சேமிப்புக்கு வங்கி இருக்கிறது, தபால் நிலையம் இருக்கிறது. சேகரிப்பு மனமகிழ்ச்சிக்கு மட்டும்.

சேகரிப்பில் பல வகை உண்டு. உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஆண்டு வாரியாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு 10 ரூபாய் நோட்டு என்று சேர்க்கலாம். உங்கள் பிள்ளை பிறந்த ஆண்டு, நீங்கள் எழுதப் படிக்கத் தொடங்கிய ஆண்டு, இவற்றைத் தேடலாம்.

கையெழுத்து வாரியாகச் சேர்ப்பது இன்னொரு வகை. ஆளுநர் மாறினால் நோட்டில் கையெழுத்தும் மாறும். 1996 வரிசை வந்தபோது ஆளுநராக இருந்தவர் ரங்கராஜன். இப்போதைய பழுப்பு நிற 10 ரூபாய் நோட்டு முதலில் உர்ஜித் படேல் கையெழுத்துடன் வந்தது. பிறகு சக்திகாந்த தாஸ் கையெழுத்துடன் வந்தது. 2024 டிசம்பரில் சஞ்சய் மல்ஹோத்ரா ஆளுநரானார்.

மன்மோகன் சிங்கின் கையெழுத்து இரண்டு வகை நோட்டுகளில் உண்டு. நிதி அமைச்சகத்தில் செயலாளராக இருந்தபோது 1 ரூபாய் நோட்டில் கையெழுத்திட்டார். 1982 முதல் 1985 வரை ஆளுநராக இருந்தபோது மற்ற நோட்டுகளில் கையெழுத்திட்டார். பிறகு 2004-இல் அவர் நாட்டின் பிரதமரானார். ஆதார்க்கர் என்பவர் 1970-இல் சுமார் 6 வாரம் மட்டுமே ஆளுநராக இருந்தார். அதனால் அவர் கையெழுத்திட்ட நோட்டுகள் குறைவு. சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

எண் வாரியாகச் சேர்ப்பது மூன்றாவது வகை. 6 இலக்க எண்ணை நாள், மாதம், ஆண்டு என்று பிரித்துப் படிக்கலாம். 150847 என்று ஒரு நோட்டில் இருந்தால் அது 15-8-47. அதாவது நாடு விடுதலை பெற்ற நாள். 050588 என்றால் 5-5-88. தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கிய நாள் அது. இப்படி உங்கள் பிறந்த நாள், திருமண நாள் ஆகியவற்றைத் தேடலாம். 123456 போன்ற ஏறு வரிசை, 777777 போன்ற ஒரே எண், இவையும் சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கும்.

நட்சத்திர நோட்டு நான்காவது வகை. சில நோட்டுகளில் 3 குறிகளுக்கும் 6 இலக்க எண்ணுக்கும் நடுவே ஒரு நட்சத்திரம் இருக்கும். அச்சடிக்கும்போது சில நோட்டுகள் பழுதாகிவிடும். 100 நோட்டுக் கட்டில் அவற்றை எடுத்துவிட்டு மாற்று நோட்டு வைப்பார்கள். அப்படி வைக்கிற நோட்டுக்குத்தான் இந்த நட்சத்திரம். இது 2006-இல் தொடங்கியது. நட்சத்திர நோட்டு போலி என்று 2023-இல் ஒரு வதந்தி பரவியது. அது பொய் என்று ரிசர்வ் வங்கி அப்போதே விளக்கியது. கடைக்காரர் வாங்க மறுத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

6. எப்படிப் பாதுகாப்பது?

நோட்டின் மதிப்பு அதன் நிலையைப் பொறுத்தது. மடிப்பே இல்லாத புது நோட்டுக்குத்தான் சேகரிப்பாளரிடம் முதலிடம். ஆகவே கவனம் வேண்டும்.

கையைக் கழுவித் துடைத்த பிறகே நோட்டைத் தொடுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

நோட்டில் எழுதாதீர்கள். பின் குத்தாதீர்கள். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள். நாளானால் பசை கறையாகும்.

அழுக்கு நோட்டைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். இஸ்திரி போடாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். அழகாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் மதிப்பு போய்விடும்.

மெல்லிய மலிவான பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். வெயில் காலத்தில் அது நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். நோட்டுச் சேகரிப்புக்கென்றே ஆல்பம் விற்கிறார்கள். அதுவரைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைக்கலாம். செய்தித்தாளில் வைத்தால் மை ஒட்டும்.

ஈரம், வெயில், கரையான், எலி நான்கும் பகை. தகரப் பெட்டியில் உயரமான இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

திருமணத்தில் ரூபாய் நோட்டு மாலை போடுகிறார்கள். நோட்டைத் தைத்து, ஒட்டி, கசக்கி மாலை ஆக்குகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொள்கிறது. நோட்டு நம் எல்லோருடைய சொத்து.

7. யோகம் அடித்ததா?

ஒரு சிற்றூரில் மாலை நேரக் கற்றல் மையம். பால் ஊற்றும் அம்மா ஒருவர் அன்று மிகுந்த மகிழ்ச்சியோடு வந்தார். அங்கே நடந்த பேச்சைக் கேளுங்கள்.

பால்கார அம்மா: டீச்சர், எனக்கு யோகம் அடிச்சிருக்கு! வீட்டுல பழைய அஞ்சு ரூபா நோட்டு ஒண்ணு கிடந்துச்சு. டிராக்டர் படம் போட்டது. அதுக்கு மூணு லட்சம் தர்றாங்களாம்.

ஆசிரியை: அப்படியா அக்கா? யாரு தர்றாங்க?

அம்மா: பேரன் போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. அந்த நம்பருக்குப் பேசினேன். ரொம்ப மரியாதையாப் பேசினாரு. ரிசர்வ் வங்கி ஆளுன்னு சொன்னாரு. அடையாள அட்டைகூட அனுப்பினாரு.

ஆசிரியை: நோட்டை நேர்ல வந்து பார்த்தாரா?

அம்மா: இல்லை. போட்டோ மட்டும் அனுப்பச் சொன்னாரு.

ஆசிரியை: உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?

அம்மா: பதிவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு கட்டணுமாம். அதுக்கப்புறம் வரி கொஞ்சம். தோட்டை அடகு வெச்சு நாளைக்குக் கட்டலாம்னு இருக்கேன்.

ஆசிரியை: அக்கா, நீங்க பால் விக்கிறீங்க. பால் வாங்க வர்றவங்க உங்களுக்குக் காசு தருவாங்களா, இல்ல உங்ககிட்ட காசு கேப்பாங்களா?

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அம்மா: வாங்குறவன்தான் தரணும். நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்?

ஆசிரியை: அதேதான் நானும் கேக்குறேன். சரி, அவர் அனுப்பின கடிதத்தை நீங்களே படிங்க.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் வரியிலேயே நின்றார்.

அம்மா: என்ன டீச்சர், வங்கிங்கிற வார்த்தையையே தப்பா எழுதியிருக்கான்! நான்கூட ஒழுங்கா எழுதுவேனே!

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். தோடு காதிலேயே இருந்தது.

ஆசிரியை: ரிசர்வ் வங்கி பழைய நோட்டை விலைக்கு வாங்கறதும் இல்லை, விக்கறதும் இல்லை. அதுக்குன்னு கட்டணமோ கமிஷனோ கேக்கறதும் இல்லை. 2021-லேயே இதை அறிவிச்சிட்டாங்க. அந்த ஆளு மறுபடி போன் பண்ணினா பேசாதீங்க. வங்கிக் கணக்கு எண்ணையோ, போன்ல வர்ற ரகசிய எண்ணையோ யாருக்கும் சொல்லாதீங்க.

அம்மா: பணம் கட்டினவங்க கதி?

ஆசிரியை: உடனே 1930-ங்கிற எண்ணுக்குப் போன் செய்யணும். இணைய மோசடிக்கு அரசாங்கம் வெச்சிருக்கிற எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு நல்லது.

அம்மா: அப்போ இந்த டிராக்டர் நோட்டு சும்மாவா டீச்சர்?

ஆசிரியை: சும்மா இல்லை அக்கா. அஞ்சு ரூபாய்க்கு இன்னிக்கும் செல்லும். உங்க சேகரிப்புக்கு அதுதான் முதல் நோட்டு.

8. உண்மையான விலை எது?

அப்படியானால் பழைய நோட்டுக்கு விலையே இல்லையா? உண்டு. மூன்று விஷயங்களைப் பொறுத்து விலை அமையும். ஒன்று, அந்த நோட்டு எவ்வளவு அரிது. இரண்டு, அதன் நிலை எப்படி. மூன்று, அதை விரும்பும் ஆள் எத்தனை பேர்.

டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு ஏராளமாக அச்சானது. எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. கசங்கிய நோட்டானால் அதன் மதிப்புக்குச் சற்று மேலே கிடைக்கலாம். லட்சம் கிடைக்காது. 786 என்ற எண் உள்ள நோட்டைச் சிலர் நம்பிக்கையோடு வைத்திருப்பார்கள். அதைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவோரும் உண்டு. அதற்கும் லட்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நோட்டு வாங்குவதானால் நேரில் பார்த்து வாங்குங்கள். பெரிய நகரங்களில் நாணயக் கண்காட்சிகள் நடக்கின்றன. அங்கே பல கடைகளில் விலை கேட்டு ஒப்பிடலாம். வாங்காவிட்டாலும் பார்க்கலாம். கொல்கத்தாவில் ரிசர்வ் வங்கியின் அருங்காட்சியகம் 2019-இல் திறந்தது. அந்தப் பக்கம் போனால் பார்த்து வாருங்கள்.

9. சட்டம் என்ன சொல்கிறது?

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. அப்போது புழங்கிய பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றது. மக்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சில வீடுகளில் அரிசிப் பானையிலும் பழைய புடவை மடிப்பிலும் பின்னால் அந்த நோட்டுகள் கிடைத்தன. இனி அவற்றை மாற்ற முடியாது. சேகரிப்பில் வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் அளவு உண்டு. 2017-இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒருவர் இந்தச் செல்லாத நோட்டுகளை மொத்தம் 10 வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் என்றால் 25 வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்தால் அபராதம். 10,000 ரூபாய், அல்லது அந்த நோட்டுகளின் மதிப்பைப் போல 5 மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது.

"உங்கள் செல்லாத நோட்டை மாற்றித் தருகிறேன்" என்று யாராவது கட்டுக்கட்டாகக் கேட்டால் விலகிப் போங்கள். அது சேகரிப்பு அல்ல.

2000 ரூபாய் நோட்டின் கதை வேறு. அது 2016-இல் வந்தது. 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. செல்லாது என்று சொல்லவில்லை. அதன் பின்பக்கத்தில் செவ்வாய்க் கோளுக்குப் போன மங்கள்யான் விண்கலம் இருக்கிறது.

கள்ள நோட்டைச் சேகரிப்பில் வைக்கவே கூடாது. கள்ள நோட்டு என்று சந்தேகம் வந்தால் வங்கியில் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தே அதை இன்னொருவர் தலையில் கட்டுவது குற்றம்.

கிழிந்த நோட்டு, அழுக்கு நோட்டு கையில் வந்தால் கமிஷனுக்கு மாற்றுகிறவரிடம் போக வேண்டாம். எந்த வங்கிக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம். கிழிந்த நோட்டில் மீதி இருக்கும் பரப்பைப் பார்த்து, விதிப்படி வங்கி மதிப்புத் தரும்.

10. ஒரு பதிவேடு வைப்போம்

நோட்டை அடுக்கி வைத்தால் மட்டும் சேகரிப்பு ஆகாது. அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். ஒரு 40 பக்க நோட்டுப் புத்தகம் போதும். பால்கார அம்மா தன் முதல் நோட்டைப் பற்றி இப்படி எழுதினார்:

வரிசை எண்: 1
மதிப்பு: 5 ரூபாய்
படம்: டிராக்டர் ஓட்டும் உழவர்
ஆண்டு: போடவில்லை
நிலை: நடுவில் ஒரு மடிப்பு
எங்கே கிடைத்தது: மாமியாரின் சுருக்குப் பையில்
குறிப்பு: இதற்காக 1500 ரூபாய் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

நீங்களும் இப்படி எழுதுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆங்கில எழுத்தைப் படித்துச் சொல்லட்டும். நீங்கள் கசங்கிய நோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் காலத்துக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் 2 ரூபாய்க்கு என்ன வாங்கினோம்? ஒரு நாள் கூலி எவ்வளவு? அதையும் பதிவேட்டில் எழுதுங்கள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

நினைவில் வைப்போம்

பழைய நோட்டை விற்க முன்பணம் கட்டச் சொன்னால் அது மோசடி.
ரிசர்வ் வங்கி பழைய நோட்டை விலைக்கு வாங்குவதில்லை.
நட்சத்திர நோட்டு நல்ல நோட்டுதான்.
செல்லாத 500, 1000 ரூபாய் நோட்டுகளை அளவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.
ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்ல வேண்டும்.

விடை சொல்லுங்கள்

1. ரூபாய் நோட்டின் பின்பக்க மொழி வரிசையில் தமிழ் எத்தனையாவது?
2. 1 ரூபாய் நோட்டில் யார் கையெழுத்து இருக்கும்?
3. சுதந்திர இந்தியாவின் முதல் நோட்டு எந்த ஆண்டில் வந்தது?
4. பழைய 1000 ரூபாய் நோட்டில் எந்தக் கோவில் இருந்தது?
5. பால்கார அம்மா ஏமாறாமல் தப்பியது எப்படி?

கணக்குப் போடுங்கள்

1. ஒருவர் மாதம் ஒரு 20 ரூபாய் நோட்டைச் சேர்க்கிறார். ஓர் ஆண்டில் எத்தனை ரூபாய் சேரும்?
2. ஒருவரிடம் செல்லாத 1000 ரூபாய் நோட்டுகள் 30 இருக்கின்றன. சேகரிப்பாளராக இருந்தாலும் இது சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு எத்தனை அதிகம்? நோட்டுகளின் மதிப்பைப் போல 5 மடங்கு என்றால் எவ்வளவு ரூபாய்?

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் இன்று இருக்கும் 10 ரூபாய் நோட்டுகளை எடுத்து அச்சான ஆண்டு வாரியாக அடுக்குங்கள். எந்த ஆண்டு நோட்டு அதிகம்?
2. உங்கள் பிறந்த நாளை 6 இலக்க எண்ணாக எழுதுங்கள். இனி கைக்கு வரும் நோட்டுகளில் அதைத் தேடுங்கள்.
3. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குப் பால்கார அம்மாவின் கதையைப் படித்துக் காட்டுங்கள்.